எடையைக் குறைப்பதற்காகச் சைலன்சரை மாற்றலாமா? டெல்டா வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எந்த மெக்கானிக் பட்டறைக்குப் போனாலும், கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாமா என்று விசாரிக்கும் ஓர் இளைஞரையாவது இப்போது பார்க்க முடிகிறது. காரணம் கேட்டால், சத்தத்துக்காக என்று ஒப்புக்கொள்பவர் குறைவு. எடை குறையும், வண்டி லேசாகும், பிக்கப் ஏறும் என்பதுதான் வழக்கமான பதில். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வசிக்கும் நானும் என் 350 சிசி வண்டிக்கு இதே காரணத்தைச் சொல்லித்தான் ஒன்றை வாங்கி மாட்டினேன். இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் கழற்றியும் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு உறவினர்களும் நண்பர்களும் கேட்ட கேள்விகளையும், கணக்குப் போட்டுப் பார்த்து நான் சொன்ன பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

கம்பெனி சைலன்சர் ஏன் அவ்வளவு கனமாக இருக்கிறது? குறைந்த எடையில் செய்ய அவர்களுக்குத் தெரியாதா?

தெரியும். அந்தக் கனத்துக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. முதலாவது ஓசையை அடக்குவது. வெளியிலிருந்து ஒரே குழாயாகத் தெரிந்தாலும், உள்ளே தகடுகளால் தடுக்கப்பட்ட அறைகளும், துளையிட்ட சிறு குழாய்களும், பல வண்டிகளில் இரட்டைச் சுவரும் இருக்கும். புகை அந்த அறைகளில் முன்னும் பின்னும் திரும்பித் திரும்பிப் போய்த்தான் வெளியே வருகிறது. இந்தியாவில் புதிய இருசக்கர வண்டிகளுக்கு, அவை தயாராகும் கட்டத்திலேயே ஓசை வரம்பு உண்டு: 80 சிசி வரை 75 டெசிபல், 80 முதல் 175 சிசி வரை 77 டெசிபல், அதற்கு மேல் 80 டெசிபல். இந்த வரம்புக்குள் நிற்க வேண்டுமானால் உள்ளே இரும்பு இருந்தே தீர வேண்டும்.

இரண்டாவது, புகையைச் சுத்தம் செய்வது. 2020 ஏப்ரல் 1 முதல் வண்டிப் புகைக்கு வரம்பு வைக்கும் பி.எஸ்.6 விதி நடைமுறையில் இருக்கிறது. அதற்கேற்ற வண்டிகளில், இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் வளைகுழாயான பெண்ட் பைப்பிலோ, சைலன்சரின் தொடக்கத்திலோ கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கும். தேன்கூடு போன்ற நுண்ணிய கண்ணறைகளின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றைப் பூசி, நச்சு வாயுக்களை அங்கேயே வேதிமாற்றம் செய்கிறார்கள். மூன்றாவது, நீடித்து உழைப்பது. பத்து ஆண்டுகள் சேற்றிலும் மழையிலும் ஓடும் என்று எதிர்பார்த்துச் செய்யும் பொருளில் தகடு சற்றுத் தடிமனாகத்தான் இருக்கும்.

மாற்றினால் உண்மையில் எத்தனை கிலோ குறையும்?

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாமல் தராசில் வைத்துப் பாருங்கள். நான் அதைத்தான் செய்தேன். இரண்டு சைலன்சர்களையும் சாக்கில் கட்டி எங்கள் ஊர்ப் பழைய இரும்புக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் கம்பெனி சைலன்சரைத் தராசில் தூக்கி வைத்ததும், கிலோவுக்கு என்ன தருவார் என்று விலை பேச ஆரம்பித்துவிட்டார். "விக்க வரலை அண்ணே, எடை பாக்கத்தான் வந்தேன்" என்று சொன்னபோது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தராசு காட்டியது, கம்பெனி சைலன்சர் 5 கிலோ 400 கிராம்; புதியது, அதைப் பிடித்து நிறுத்தும் கிளாம்பும் பிராக்கெட்டும் சேர்த்து 2 கிலோ 600 கிராம். ஆக 2 கிலோ 800 கிராம் குறைந்தது. விற்றவர் நாலு கிலோ குறையும் என்று சொல்லியிருந்தார். கிளாம்பையும் பிராக்கெட்டையும் அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை.

100, 125 சிசி வண்டிகளில் கம்பெனி சைலன்சரே சிறியது என்பதால் குறைவதும் சிறிதாகத்தான் இருக்கும். பெண்ட் பைப்பை அப்படியே விட்டுவிட்டுப் பின்பகுதியை மட்டும் மாற்றும் ஸ்லிப்-ஆன் வகையில், நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான வண்டிகளுக்கு ஒன்றிலிருந்து மூன்று கிலோ என்று எடுத்துக்கொண்டால் பெரிய பிழை வராது. இன்ஜினிலிருந்து வால் வரை மொத்தமாக மாற்றும் ஃபுல் சிஸ்டத்தில் இன்னும் குறையும். ஆனால் அங்கே கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் சேர்ந்தே போய்விடுகிறது என்பதை மறக்கக் கூடாது.

உலோகத்தையும் பார்க்க வேண்டும். ஒரு கன சென்டிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏறத்தாழ 7.9 கிராம், டைட்டானியம் 4.5 கிராம், அலுமினியம் 2.7 கிராம், கார்பன் ஃபைபர் 1.6 கிராம். விலையுயர்ந்த வெளிநாட்டுச் சைலன்சர்கள் லேசாக இருப்பதற்கு இந்த வேறுபாடு ஒரு காரணம். மூவாயிரம் ரூபாய்ச் சைலன்சரும் லேசாக இருக்கிறதே என்றால், அதன் உள்ளே ஒரு துளைக் குழாயும் அதைச் சுற்றிய கிளாஸ் வூல் என்னும் கண்ணாடி இழைப் பஞ்சும் தவிர வேறொன்றும் இல்லை என்பதுதான் காரணம்.

குறைந்த எடை பிக்கப்பில் தெரியுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 195 கிலோ எடையுள்ள 350 சிசி வண்டி, 75 கிலோ எடையுள்ள ஓட்டுநர், மொத்தம் 270 கிலோ. இதில் 3 கிலோவைக் குறைத்தால் நூற்றுக்கு 1.1 பங்கு. இன்ஜின் கொடுக்கும் இழுவை மாறாதபோது, வண்டி வேகமெடுப்பதும் அதே அளவுக்குத்தான் கூடும். ஒரு வேகத்தை எட்ட 15 விநாடி பிடித்த வண்டி, அதற்குப் பிறகு 14.83 விநாடியில் எட்டும். 20 குதிரைத்திறன் வண்டியில் கால் குதிரைத்திறனுக்கும் குறைவாகச் சேர்த்ததற்குச் சமம்.

இதை உணர முடியுமா என்று தெரிந்துகொள்ள ஒரு காசும் செலவில்லாத சோதனை இருக்கிறது. பெட்ரோல் லிட்டருக்கு ஏறத்தாழ 740 கிராம் எடை. 13 லிட்டர் டேங்க் நிரம்பியிருப்பதற்கும் பாதியாக இருப்பதற்கும் இடையே கிட்டத்தட்ட 5 கிலோ வித்தியாசம். டேங்க் பாதியானதும் வண்டி பறக்க ஆரம்பித்தது என்று இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

நம் பக்கத்து வண்டிகள் சும்மா ஓடுபவையும் அல்ல. கூட்டுறவுச் சங்கத்திலிருந்து யூரியா மூட்டை ஒன்றைப் பின்னால் கட்டினால் 45 கிலோ. கொள்முதல் நிலையத்து நெல் மூட்டையான சிப்பம் ஒன்று 40 கிலோ. திருவையாற்றுப் பக்கம் வாழைத்தார்களைச் சீட்டின் இருபுறமும் தொங்கவிட்டுக்கொண்டு போகிறவர்களை நாள்தோறும் பார்க்கிறோம். காலையில் சைலன்சரில் மூன்று கிலோவைக் குறைத்துவிட்டு, மாலையில் மைத்துனரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குப் போகும் வண்டியில் அந்த மூன்று கிலோ எங்கே போய் நிற்கும்?

ஆனால் மாற்றிய பிறகு வண்டி வேகமாகப் போவது போல் எனக்கு நிச்சயமாகத் தெரிகிறதே?

எனக்கும் தெரிந்தது, பொய் சொல்லவில்லை. முதல் வாரம் முழுவதும் அப்படித்தான் இருந்தது. பிறகு தம்பியை ஸ்டாப் வாட்சுடன் நிற்க வைத்து, ஊருக்கு வெளியே ஆளில்லாத ஒரே நேர்ச்சாலையில், ஒரு மைல்கல்லிலிருந்து அடுத்த மைல்கல் வரை இரண்டு சைலன்சர்களோடும் பல முறை ஓட்டிப் பார்த்தேன். ஒரே சைலன்சரோடு ஓட்டியபோதே ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் இடையே வந்த வித்தியாசம், இரண்டு சைலன்சர்களுக்கும் இடையே வந்த வித்தியாசத்தைவிடப் பெரியதாக இருந்தது. காற்று, கியர் மாற்றும் கை, சாலைக் குழி ஆகியவற்றின் பங்கிலேயே மூன்று கிலோ கரைந்துவிட்டது.

வேகத்தைக் கண்ணைவிடக் காதுதான் முதலில் சொல்கிறது. ஆக்சிலேட்டரைத் திருகியதும் எழும் முழக்கத்தை உடல் வேகம் என்றே எடுத்துக்கொள்கிறது. முழக்கம் கூடினால், ஸ்பீடோமீட்டர் அதே எண்ணைக் காட்டினாலும் நெஞ்சு ஒத்துக்கொள்வதில்லை.

எடை எந்த இடத்தில் குறைகிறது என்பது முக்கியமில்லையா?

முக்கியம்தான். எடைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் நேர்மையானது இது ஒன்றே. வண்டியின் நடு ஈர்ப்பு மையத்திலிருந்து தள்ளி, உயரத்தில் இருக்கும் ஒரு கிலோ, இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஒரு கிலோவைவிட வளைவுகளில் கூடுதலாகத் தெரியும். சீட்டுக்கு அடியில், வாலுக்குப் பக்கத்தில் சைலன்சர் ஏறி நிற்கும் வண்டிகளில் அங்கே நாலு கிலோ குறைந்தால், வண்டியை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குச் சாய்க்கும்போது தேர்ந்த ஓட்டுநருக்குப் புரியும். நம் ஊரில் அதிகம் ஓடும் வண்டிகளிலோ சைலன்சர் பின்சக்கரத்தை ஒட்டித் தாழ்வாகவே கிடக்கிறது.

சைலன்சர் சுழலும் பொருளும் அல்ல. ஷாக் அப்சார்பருக்குக் கீழே தொங்கும் பொருளும் அல்ல. சக்கரத்தின் ரிம்மிலும் டயரிலும் ஒரு கிலோ குறைந்தால், வண்டியை வேகமெடுக்கச் செய்யும் கணக்கில் அது ஏறத்தாழ இரண்டு கிலோ குறைந்ததற்குச் சமம். ஏனெனில் அந்த எடையை முன்னே தள்ளுவதோடு சுழற்றவும் வேண்டியிருக்கிறது. எடைக்காகவே பணம் செலவிட வேண்டுமானால் சக்கரத்தில் தொடங்குவதே முறை.

மைலேஜ் கூடும் என்கிறார்களே?

மிகச் சிறிய அளவில் கூடும். டெல்டா சமதரை. கல்லணையிலிருந்து கடல்வரை வண்டி ஏற வேண்டிய மேடு என்று சொன்னால் ரயில்வே மேம்பாலங்களையும் ஆற்றுப் பாலங்களையும்தான் சொல்ல வேண்டும். சமதரையில் ஒரே வேகத்தில் ஓடும் வண்டிக்குப் பெரிய எதிரி காற்று. 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் தடை, டயர் உருளும் தடையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும். எடையைப் பொறுத்து மாறுவது அந்த உருளும் தடை மட்டும்தான்.

மூன்று கிலோ குறைவதால் 100 கிலோமீட்டருக்கு மிச்சமாகும் பெட்ரோலை, வழியில் நின்று புறப்படுவதையும் சேர்த்துத் தாராளமாகக் கணக்கிட்டாலும், 10 மில்லி லிட்டரைச் சுற்றித்தான் வருகிறது. லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு ரூபாய். 15,000 ரூபாய் கொடுத்து வாங்கிய சைலன்சர், பெட்ரோல் மிச்சத்தின் மூலமாகத் தன் விலையைத் திருப்பித் தர வண்டி 15 லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும். சந்திரனுக்கு இரண்டு முறை போய்த் திரும்பும் தூரம் அது. அதற்குள் கிளாஸ் வூலை எத்தனை முறை மாற்ற வேண்டியிருக்கும் என்பது தனிக் கணக்கு.

டயரில் காற்று குறைவாக இருந்தால் உருளும் தடை மொத்தமாகவே கூடிவிடும். வாரம் ஒரு முறை காற்றுப் பார்க்கும் பழக்கம் தரும் மிச்சத்துக்குப் பக்கத்தில் இந்த மூன்று கிலோவால் நிற்க முடியாது.

மலைக்குப் போகும்போதாவது பயன்படுமா? நாங்கள் அடிக்கடி கொல்லிமலை போவோம்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை என்பதால் இந்தக் கேள்வி நியாயமானது. ஏற்றத்தில் எடை காற்றைவிடப் பெரிய எதிரி. ஆனாலும் மூன்று கிலோவை ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏற்றத் தேவையான ஆற்றல் ஏறத்தாழ 30 கிலோ ஜூல். இன்ஜினில் வீணாகும் வெப்பத்தைக் கழித்துப் பார்த்தால், அதற்கு வேண்டிய பெட்ரோல் 4 மில்லி லிட்டருக்குள் அடங்கிவிடும். ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாது. அடிவாரத்தில் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டு ஏறுங்கள். ஒரு கிலோ அங்கேயே குறைந்துவிடும்.

எடை ஒருபுறம் இருக்கட்டும். பவர் கூடும் அல்லவா?

சைலன்சர் மட்டும் மாறினால் கூடுவது அற்பம், சில நேரம் குறையவும் கூடும். புகை தடையில்லாமல் வெளியேறினால் போதும் என்ற எண்ணம் பாதி உண்மை. குழாயின் நீளமும் விட்டமும் இன்ஜினின் எந்த வேகத்துக்கு ஏற்றாற்போல் அமைக்கப்பட்டிருக்கின்றனவோ, அந்த வேகத்தில்தான் ஒரு வெடிப்பின் புகை வெளியேறும்போது அடுத்த காற்றையும் உள்ளே இழுத்து உதவும். கண்டபடி மாற்றினால், கடைத்தெருவில் நாம் ஓட்டும் குறைந்த வேகத்தில் இழுவை குறைந்து, நாம் எப்போதுமே போகாத உச்ச வேகத்தில் சிறிது கூடும்.

கார்புரேட்டர் வண்டியில் மெயின் ஜெட்டை மாற்றிப் பெட்ரோல் அளவைத் திருத்தாமல் விட்டால், கலவையில் காற்று கூடிச் சூடு ஏறும். பெண்ட் பைப் நீலம் பாய்வதை அப்போது பார்க்கலாம். ஆக்சிலேட்டரை விட்டதும் பட் பட் என்று வெடிப்பதைச் சிலர் பெருமையாகக் காட்டுவார்கள். பெரும்பாலும் அது எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் எரிவதன் ஓசை அல்லது கேஸ்கெட் வழியாகக் காற்று கசிவதன் அடையாளம். பி.எஸ்.6 வண்டிகளில் ஆக்சிஜன் சென்சார் வேறு இருக்கிறது. ஃபுல் சிஸ்டம் மாட்டும்போது அதற்கு உரிய இடம் கொடுக்காவிட்டால், இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

மாட்டினால் போலீஸ் பிடிப்பார்களா? சட்டம் என்ன சொல்கிறது?

1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 182-ஏ பிரிவின் கீழ் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஓசை, புகை வரம்பை மீறிப் பொது இடத்தில் ஓட்டினால் 190 ஆம் பிரிவு வருகிறது. முதல் முறைக்கு 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ, அத்துடன் மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமம் இழப்பு.

'எடையைக் குறைக்கத்தான் மாட்டினேன்' என்ற விளக்கத்துக்குச் சாலையோரச் சோதனையில் மதிப்பில்லை. விபத்துக்குப் பிறகு காப்பீட்டு ஆய்வாளர் வந்து பார்க்கும்போதும், சொல்லாமல் செய்த மாற்றம் வீண் சிக்கலைக் கொண்டு வரும். கம்பெனி வாரண்டியும் அப்படியே.

மழை, வெள்ளம், உப்புக்காற்று இவற்றைத் தாங்குமா?

கடைகளில் யாரும் பேசாத விஷயம் இது. நமக்கோ இதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சைலன்சர் நன்றாகச் சூடாகிவிட்டால் அது ஆவியாக வெளியே போய்விடும். வீட்டிலிருந்து கடைத்தெரு, கடைத்தெருவிலிருந்து வீடு என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டம் மட்டும் ஓடும் வண்டியில், அது உள்ளேயே குளிர்ந்து நீராகத் தங்கும். மார்கழிக் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரின் அடியில் உள்ள ஊசித் துளையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதைக் கண்டு பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தத் துளை கம்பெனியே வேண்டுமென்று வைத்தது. மலிவான வெளிச் சைலன்சர்கள் பலவற்றில் அது கிடையாது. என்னுடையதில் இல்லை. கழற்றிச் சாய்த்தபோது காவி நிறத் தண்ணீர் ஒரு கை அளவுக்கு ஊற்றியது. ஈரத்தில் ஊறிய கிளாஸ் வூல் பழைய தலையணைப் பஞ்சைப் போலக் கட்டி கட்டியாக வந்தது.

நாகூர், வேளாங்கண்ணி, தரங்கம்பாடிப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று எழுதி விற்பதெல்லாம் ஒரே தரமல்ல. வெல்டிங் வைத்த கோட்டில் முதலில் பழுப்புப் புள்ளி தோன்றும். அடுத்த மழைக்காலத்துக்குள் அங்கே ஓட்டை விழும். நல்ல தரமான 304 வகைத் தகடு நெடுநாள் தாங்கும், ஆனால் விலையும் அதற்கேற்ப இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் உடைந்து சாலையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடும்போது வண்டியை ஓட்டியாக வேண்டிய நிலை பலருக்கும் வரும். இன்ஜின் ஓடும்வரை புகை தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நடுவில் நின்றுவிட்டால் தண்ணீர் குழாய் வழியாக ஏறத் தொடங்கும். அறைகளும் தடுப்புகளும் உள்ள நீண்ட சைலன்சரில் அது இன்ஜினை எட்டச் சற்று நேரம் பிடிக்கும். உள்ளே ஒன்றுமில்லாத குட்டைக் குழாயில் வழி நேராகத் திறந்திருக்கிறது.

இன்னொன்று நெருப்பு. பங்குனி, சித்திரையில் உளுந்துச் செடியையும் எள்ளுச் செடியையும், அறுவடைக் காலத்தில் வைக்கோலையும் வண்டிகள் மிதித்துப் போகட்டும் என்று சாலையில் பரப்புகிறார்கள். காய்ந்த தாள் பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு சூடான குழாயில் போய் ஒட்டும். கம்பெனி சைலன்சரில் வெப்பத் தடுப்புத் தகடு நடுவில் நிற்கும். எடையைக் குறைப்பதற்காக முதலில் நீக்கப்படும் பொருள் பெரும்பாலும் அந்தத் தகடுதான். பின்னால் உட்காரும் குழந்தையின் கெண்டைக்காலில் சூடு படாமல் காப்பதும் அதே தகடுதான்.

சத்தம் ஊருக்குப் பொறுத்துக்கொள்ள முடியாததாகிவிடுமா?

டெசிபல் அளவில் பத்து கூடினால் ஓசையின் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபல் என்பதே 2000 ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வகுத்த வரம்பு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்கு அமைதி மண்டலம். எங்கள் அக்ரஹாரத்து வீடுகள் இருபுறமும் சுவரோடு சுவராக ஒட்டி நிற்பதால், தெருவின் ஒரு முனையில் நான் வண்டியைக் கிளப்பினால் மறு முனைவரை கேட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒன்றும் சொல்லவில்லை; நான் கிளம்பும் நேரம் பார்த்துக் கதவைச் சாத்திக்கொள்வார். சைலன்சரைக் கழற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் யாருக்குத்தான் இது பயன்படும்?

பந்தயத் தளத்தில் ஓட்டுகிறவர்களுக்குப் பயன்படும். அங்கே ஒரு சுற்றின் நேரம் விநாடியின் நூற்றில் பங்குகளில் எண்ணப்படுகிறது. மோட்டோ ஜிபி பந்தயத்தின் ஆயிரம் சிசி வண்டிகளுக்கே குறைந்தபட்ச எடை 157 கிலோ என்று விதி வைக்க வேண்டியிருப்பதிலிருந்து, விட்டால் இன்னும் குறைத்துவிடுவார்கள் என்பது புரியும். இருங்காட்டுக்கோட்டைத் தளத்துக்கு வண்டியை எடுத்துச் சென்று பயிற்சி எடுக்கும் ஒருவர், தேய்ந்த டயரையும் பிரேக் பேடையும் முதலில் மாற்றிவிட்டு, பிறகு சைலன்சருக்கு வந்தால் அதில் பொருள் இருக்கிறது. சீட்டுக்கு அடியில் எட்டு, பத்து கிலோ இரும்பைச் சுமக்கும் பெரிய வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கும் ஓரளவு சொல்லலாம். நெல் வயலுக்கும் வேலைக்கும் கோயிலுக்கும் போய்வரும் 100 முதல் 350 சிசி வண்டிக்கு எடையை மட்டும் காரணமாகச் சொல்லி இதை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஓசை பிடிக்கும் என்று நேராகச் சொல்லி வாங்குகிறவரிடம் அந்த அளவுக்கு வாதாட மாட்டேன், சட்டம் வாதாடும்.

எடையைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் வேறு வழி உண்டா?

உண்டு. லெக் கார்டு, பக்கப் பெட்டி, அதற்குள் மறந்துபோன பூட்டுச் சங்கிலி ஆகியவற்றை ஒரு நாள் கழற்றித் தராசில் வைத்துப் பாருங்கள். ஈய பேட்டரிக்குப் பதிலாக லித்தியம் பேட்டரி போட்டால் 350 சிசி வண்டியில் இரண்டு கிலோவுக்கு மேல் குறையலாம், ஒரு சத்தமும் கூடாது. ஆனால் வண்டியின் சார்ஜிங் அமைப்புக்கு அது பொருந்துமா என்று கேட்டுவிட்டு வாங்க வேண்டும். சாரி கார்டைக் கழற்ற வேண்டாம். பின்சக்கரத்தின் பாதியளவையாவது மூடும் தடுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் சிக்கிய விபத்துகளைப் பார்த்தவர்களுக்கு விதி தேவைப்படாது. என் எடையில் ஐந்து கிலோ குறைந்தால் போதும் என்று மனைவி சொன்னதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

உங்கள் வண்டி மாடலுக்கென்றே செய்யப்பட்டதா என்று பாருங்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்லப்படுவது எந்த வண்டிக்கும் சரியாகப் பொருந்தாது. கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத் தொடாத ஸ்லிப்-ஆன் வகையோடு நில்லுங்கள். டிபி கில்லர் என்று சொல்லப்படும் ஓசைக் குறைப்பானைக் கழற்றாதீர்கள்; அதைக் கழற்றி மிச்சமாகும் எடை சில நூறு கிராம்தான். அடியில் நீர் வடியும் துளை இருக்கிறதா, கால் படும் இடத்தில் தடுப்புத் தகடு இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். புகழ்பெற்ற பெயர் பொறித்த போலிச் சரக்கு நிறைய உலவுகிறது. பெயர்த் தகடு ரிவெட் அடிக்காமல் ஒட்டப்பட்டிருந்தால் சந்தேகப்படுங்கள்.

கழற்றிய கம்பெனி சைலன்சரை என்ன செய்வது?

எக்காரணம் கொண்டும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். வண்டியை விற்கும்போது, வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான். புதிதாக வாங்கப் போனால் விலை வலிக்கும். நான் என்னுடையதைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டு வைத்திருந்தேன். ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்து எடுத்துத் துடைத்துப் பொருத்தி, ஸ்டார்ட்டரை அழுத்தினால் இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மெக்கானிக் அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சைலன்சரின் வால் துளையில் குளவி மண்கூடு கட்டி, வாயை அழகாகப் பூசி மூடியிருந்தது. ஸ்குரூ டிரைவரால் குத்திப் பெயர்த்து எடுத்தபோது கைப்பிடி மண்ணும் காய்ந்த புழுக்களும் கொட்டின. பரணில் வைப்பதற்கு முன் இரு முனைகளிலும் பழைய துணியை உருட்டி அடைத்துவிடுங்கள். அடைத்ததை மறக்காமலிருக்க, ஒரு முனையின் துணி வெளியே தொங்கும்படி விட்டு வையுங்கள்.